நான்காவது எலக்ட்ரானின் வேலை

கறுப்புத் துணி ஒன்றை உச்சி வெயிலில் விரித்துப் போட்டால், தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். ஆனாலும் அதைக் கொண்டு ஒரு சின்ன விளக்கைக்கூட எரிக்க முடியாது. துணி சுடும், அவ்வளவுதான். ஒளியை விழுங்குவது இயற்கையில் மிகச் சாதாரணமான காரியம். விழுங்கிய ஆற்றல் வெப்பமாகக் கரைந்து போவதற்குள், அதைத் தாங்கிய எலக்ட்ரானைக் கிளம்பிய இடத்திலிருந்து பிரித்து வேறோர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் கடினம். பச்சை இலை அதைச் செய்கிறது. சூரிய மின்கலமும் செய்கிறது. கார்பனின் நானோ வடிவங்களை ஒளியைப் பிடிக்கும் அதிசயப் பொருட்களாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. என் பார்வையில் அவற்றின் சிறப்பு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. ஒளி கிளப்பிவிட்ட எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது, ஏந்திச் செல்வது, பக்கத்தில் நடப்பதை அந்த எலக்ட்ரான் வழியாகவே உணர்வது, இவைதான் அவற்றுக்குக் கைவந்த வேலைகள்.

கார்பன் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உண்டு. வைரத்தில் நான்கும் அண்டை அணுக்கள் நான்கோடு இறுகப் பிணைந்துவிடுகின்றன. அதனால் வைரம் கடினமாக இருக்கிறது, மின்சாரத்தைக் கடத்துவதில்லை. பென்சில் முனையில் உள்ள கிராஃபைட்டில் ஒவ்வோர் அணுவும் மூன்று அண்டை அணுக்களோடு மட்டும் சேர்ந்து, அறுகோணங்களால் ஆன தட்டையான வலையை அமைக்கிறது. மிஞ்சிய நான்காவது எலக்ட்ரான் எந்தப் பிணைப்புக்கும் தனியாகச் சொந்தமாகாமல் வலையின் மேலும் கீழும் பரவி நிற்கிறது. அந்த வலையில் ஓர் அடுக்கு மட்டும் தனியே கிடைத்தால் அது கிராஃபீன். அதைப் பாய் போலச் சுருட்டினால் நானோகுழாய். சில இடங்களில் ஐங்கோணங்களை நுழைத்தால் வலை வளைந்து தன்னைத் தானே மூடிக்கொண்டு ஃபுல்லரீன் என்ற கூடாகிறது. வடிவத்தைப் புரிந்துகொள்ளத்தான் இப்படிச் சொல்கிறேன். ஆய்வகத்தில் யாரும் சுருட்டிச் செய்வதில்லை, சூடான கார்பன் ஆவி குளிரும்போதும் வாயுக்கள் சிதையும்போதும் அவை தாமாகவே உருவாகின்றன. மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. ஓர் இரும்புத் துண்டின் நடுவில் இருக்கும் அணுவுக்கு வெளியே இருப்பது காற்றா தண்ணீரா என்பது பொருட்டே இல்லை. இந்தக் கார்பன் வடிவங்களில் நடு என்பதே கிடையாது. ஒவ்வோர் அணுவும் மேற்பரப்பில் இருக்கிறது, ஒவ்வொரு நான்காவது எலக்ட்ரானும் வெளியுலகைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

இவற்றில் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது ஃபுல்லரீன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்த ஹாரி க்ரோட்டோவுக்கு, விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் தென்பட்ட நீண்ட கார்பன் சங்கிலி மூலக்கூறுகள் எப்படி உருவாகின்றன என்று அறிய ஆசை. 1985 செப்டம்பரில் அவர் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ரிச்சர்ட் ஸ்மாலி அமைத்திருந்த கருவியில் கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கி ஹீலியத்தில் குளிர்வித்தார்கள். கிடைத்த கொத்துக்களின் நிறையை அளந்தபோது 60 அணுக்கள் கொண்ட கொத்து மற்றவற்றைவிட மிக அதிகமாக வந்தது. 20 அறுகோணங்களும் 12 ஐங்கோணங்களும் சேர்ந்த மூடிய கூடு என்றால்தான் அந்த நிலைத்தன்மைக்கு விளக்கம் கிடைக்கும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இத்தகைய கூரைகளைக் கட்டிய பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் பெயரை அதற்கு வைத்தார்கள். க்ரோட்டோ, ஸ்மாலி, ராபர்ட் கர்ல் மூவருக்கும் 1996ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வில் உடனிருந்த மாணவர்கள் ஜேம்ஸ் ஹீத், ஷான் ஓ'பிரையன் ஆகியோரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 1990இல் கிரேட்ச்மரும் ஹஃப்மனும் கிராஃபைட் தண்டுகளுக்கு இடையே ஹீலியத்தில் மின்வில் உண்டாக்கி, கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு சி60 என்று குறிக்கப்படும் அந்தக் கூட்டைத் தயாரிக்க வழி கண்டார்கள். அதன் பிறகுதான் அதைக் கொண்டு வேலை செய்ய முடிந்தது.

சி60க்கு எலக்ட்ரான் மீது தீராத பசி. கரைசலில் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு எலக்ட்ரான்களை அது ஏற்றுக்கொள்ளும், திருப்பியும் கொடுக்கும். 1992இல் சாண்டா பார்பராவில் நியாசி சரிசிஃப்சி, ஆலன் ஹீகர் குழுவினர் மின்கடத்தும் பாலிமர் ஒன்றின் பக்கத்தில் சி60ஐ வைத்து ஒளி பாய்ச்சிப் பார்த்தார்கள். இதன் அருமை புரிய வேண்டுமானால் பிளாஸ்டிக்கில் ஒளி விழும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிலிக்கானில் ஒளி பட்டால் எலக்ட்ரானும் அது விட்டுச் சென்ற வெற்றிடமும் உடனே பிரிந்து திரியத் தொடங்கும். இரண்டுக்கும் இடையிலான ஈர்ப்பு அங்கே அவ்வளவு பலவீனம், அறை வெப்பமே பிரித்துவிடும். பாலிமரில் அப்படி இல்லை. எதிர் மின்னூட்டங்கள் இரண்டும் ஒன்றையொன்று விடாமல் ஜோடியாகவே நகர்கின்றன. இந்த ஜோடிக்கு எக்ஸிடான் என்று பெயர். அதைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல், அறை வெப்பம் தருவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். எக்ஸிடானின் ஆயுளும் குறைவு, சுமார் 10 நானோமீட்டர் நகர்வதற்குள் எலக்ட்ரான் மீண்டும் வெற்றிடத்தில் விழுந்துவிடும். கறுப்புத் துணிக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேரும். பக்கத்தில் சி60 இருந்தாலோ எலக்ட்ரான் அதற்குத் தாவிவிடுகிறது. பின்னால் செய்த அளவீடுகளில் இந்தத் தாவலுக்கு ஏறக்குறைய 45 ஃபெம்டோ நொடிதான் ஆகிறது என்று தெரிந்தது. ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மேலும் பத்தாக வகுத்தால் வருவது ஒரு ஃபெம்டோ நொடி.

தாவியது ஏன் அதே வேகத்தில் திரும்பி வருவதில்லை? இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மூலக்கூறு எலக்ட்ரானை வாங்கும்போது அதன் பிணைப்புகள் நீளும், குறுகும், சுற்றியுள்ளவை இடம் மாறும். இந்த மறுசீரமைப்புக்குச் செலவாகும் ஆற்றல்தான் எலக்ட்ரான் மாற்றத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று ருடால்ஃப் மார்கஸ் 1950களிலேயே கணித்தார். அதற்காக 1992இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சி60 விறைப்பான உருண்டைக் கூடு. ஓர் எலக்ட்ரான் கூடுதலாக வந்தால் அது 60 அணுக்களிலும் பரவிவிடும், கூட்டின் வடிவம் மாறுவதே இல்லை என்று சொல்லலாம். மறுசீரமைப்பு ஆற்றல் இவ்வளவு குறைவாக இருந்தால், மார்கஸ் கணக்கின்படி முன்னோக்கிய தாவல் மிக வேகமாகவும், அதிக ஆற்றல் வெளிப்பட வேண்டிய திரும்புதாவல் மிக மெதுவாகவும் நடக்கும். ஒளிச்சேர்க்கையில் இலை பல மூலக்கூறுகளை வரிசையாக நிறுத்திச் சாதிப்பதில் ஒரு பகுதியை, இந்த ஒற்றைக் கூடு தன் விறைப்பால் சாதித்துவிடுகிறது. அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தில் டெவன்ஸ் கஸ்ட்டும் மூர் தம்பதியரும் கரோட்டீன், போர்ஃபிரின், சி60 மூன்றையும் ஒரே மூலக்கூறாகக் கோத்துச் செயற்கை ஒளிச்சேர்க்கை மையங்களை உருவாக்கியதும் இந்தக் குணத்தை நம்பித்தான்.

எக்ஸிடான் 10 நானோமீட்டர்தான் நகரும் என்றால், அந்தத் தொலைவுக்குள் எங்கும் ஒரு சி60 இருக்க வேண்டும். 1995இல் ஹீகர் குழு அதற்கு எளிய தீர்வு கண்டது. எளிதில் கரையும்படி வால் ஒன்று ஒட்டப்பட்ட பிசிபிஎம் என்ற ஃபுல்லரீனையும் பாலிமரையும் ஒரே கரைசலில் கலந்து பூசினார்கள். உலரும்போது இரண்டும் நுண்ணிய இழைகளாகப் பின்னிக்கொள்கின்றன. அடுத்த இருபது ஆண்டுகள் பிளாஸ்டிக் மின்கலம் என்றாலே பிசிபிஎம் என்ற நிலை இருந்தது. திறன் 11 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றுவிட்டது. காரணம் சி60இன் அதே சமச்சீர்மை. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சரியாக விழுங்குவதில்லை, அதன் ஆற்றல் நிலைகளையும் விருப்பப்படி மாற்ற முடியாது. சூடேறினால் கலவையிலிருந்து பிரிந்து கட்டிகளாகத் திரளவும் செய்கிறது. 2015இல் சீன வேதியியலாளர்கள் ஐடிஐசி என்ற தட்டையான மூலக்கூறைக் கொண்டுவந்தார்கள். 2019இல் ஒய்6 வந்து 15.7 சதவீதத்தைத் தொட்டது. எலக்ட்ரானை வாங்குவதோடு ஒளியையும் விழுங்கக்கூடிய அந்த மூலக்கூறுகளுக்கு ஃபுல்லரீன் இடம்விட வேண்டியதாயிற்று.

ஆனால் அதற்குள் வேறு வீட்டில் அதற்கு வேலை கிடைத்திருந்தது. ஜப்பானில் சுடோமு மியாசாகா குழு 2009இல் 3.8 சதவீதத்தில் தொடங்கிய, பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன மின்கலம் இன்று 26 சதவீதத்தைக் கடந்துவிட்டது. பெரோவ்ஸ்கைட் ஒளியைப் பிரமாதமாக விழுங்கும், அங்கே எக்ஸிடான் சிக்கலும் பெரிதாக இல்லை. எலக்ட்ரானை வெளியே எடுக்க ஓர் அடுக்கு வேண்டும், அவ்வளவுதான். சி60ஐ ஆவியாக்கி, 20 நானோமீட்டர் அளவில் மெல்லியதாகப் படிய வைத்தால் அந்த வேலை நடக்கிறது. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கி 33 சதவீதத்தைத் தாண்டிய இரட்டை மின்கலங்களிலும் இந்த அடுக்கு இருக்கிறது. குறையும் அங்கேயே இருக்கிறது. பெரோவ்ஸ்கைட்டும் சி60உம் தொடும் பரப்பில்தான் மின்னழுத்தத்தில் கணிசமான பங்கு வீணாகிறது. அதைத் தடுக்க இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரே ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு ஃபுளோரைடு உப்பைப் படிய வைக்கிறார்கள்.

ஒளியை விழுங்குவது ஒரு பொருள், எலக்ட்ரானை ஏந்துவது இன்னொரு பொருள் என்ற இதே பாடம் கிராஃபீன் கதையில் இன்னும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து ஒற்றை அடுக்கைப் பிரித்தெடுத்தார்கள், 2010இல் நோபல் பரிசு பெற்றார்கள். 2008இல் அதே குழுவில் ராகுல் நாயர் முதன்மையாக இருந்து செய்த அளவீட்டில், ஓர் அடுக்கு கிராஃபீன் தன் மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை விழுங்குவது தெரிந்தது. ஒற்றை அணுத் தடிமனுக்கு இது வியக்கத்தக்க அளவு. மின்கலத்துக்கோ ஒளி உணரிக்கோ இது போதவே போதாது. பார்சிலோனாவில் கெராசிமோஸ் கான்ஸ்டன்டாட்டோஸ் குழு 2012இல் வேலையைப் பிரித்துக் கொடுத்தது. கிராஃபீன் மேல் ஈயசல்ஃபைடு குவாண்டம் புள்ளிகள் என்ற நானோ அளவுப் படிகத் துணுக்குகளைப் பூசினார்கள். ஒளியை விழுங்குவது புள்ளிகளின் பொறுப்பு. எலக்ட்ரான் புள்ளிக்குள் சிக்கிக்கொள்ள, அதன் வெற்றிடம் கிராஃபீனுக்குப் போகிறது. சிக்கிய எலக்ட்ரான் அங்கே இருக்கும் வரை, அதன் மின்புலத்துக்கு ஈடுகட்ட கிராஃபீனில் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். ஒரு ஃபோட்டானுக்குப் பத்துக் கோடி அளவில் மின்னூட்டங்கள் பாய்ந்தன. ஒளியை அறுவடை செய்யும் கருவிக்கும் ஒளியை உணரும் கருவிக்கும் இடையிலான கோடு இங்கே அழிந்துபோகிறது.

நானோகுழாயை அறிமுகப்படுத்தியவர் என்று 1991இல் கட்டுரை வெளியிட்ட சுமியோ இஜிமாவைச் சொல்வார்கள். சோவியத் ஆய்வாளர்கள் ராதுஷ்கெவிச், லுக்யனோவிச் இருவரும் 1952இலேயே கார்பன் குழாய்களின் படங்களை ரஷ்ய மொழியில் வெளியிட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். இன்னும் பழையது ஒன்று நம் மண்ணில் இருக்கிறது. கீழடியில் கிடைத்த, கி.மு. ஆறாம் நூற்றாண்டளவில் தொடங்கும் மட்பாண்ட ஓடுகளின் கறுப்புப் பூச்சில் நானோகுழாய்கள் இருப்பதாக வேலூர் விஐடி ஆய்வாளர்களும் உடன் பணியாற்றியவர்களும் 2020இல் அறிவித்தார்கள். அந்தக் குயவர்களுக்கு நானோ அறிவியல் தெரிந்திருந்தது என்று இதை வைத்துப் பேசுவது சரியல்ல. தாவரப் பொருளும் கடும் சூளை வெப்பமும் சேர்ந்தால் கார்பன் எப்படியெல்லாம் அடுக்கிக்கொள்ளும் என்பதற்கு அது சான்று. அவர்கள் அறிந்திருந்தது இரண்டாயிரம் ஆண்டு தாங்கும் பூச்சை எப்படிச் சுடுவது என்பதை. அதுவே பெரிய அறிவு.

குழாயின் விசித்திரம், வலையை எந்தச் சாய்வில் சுருட்டினோம் என்பதைப் பொறுத்து அதன் மின்குணமே மாறிவிடுவது. எல்லாச் சாய்வுகளும் கலந்து வளர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு உலோகம் போல நடந்துகொள்ளும், மீதி குறைக்கடத்தியாக இருக்கும். ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜியே டாய் குழு 2000ஆம் ஆண்டில் ஒற்றைக் குறைக்கடத்திக் குழாயை இரு மின்முனைகளுக்கு இடையே நிறுத்தி, பத்து லட்சத்தில் 200 பங்கு நைட்ரஜன் டையாக்சைடு கலந்த வாயுவைச் செலுத்தியது. சில நொடிகளில் மின்கடத்தல் ஆயிரம் மடங்கு வரை உயர்ந்தது. அந்த வாயு குழாயிலிருந்து எலக்ட்ரானை இழுத்துக்கொள்கிறது. எலக்ட்ரானைக் கொடுக்கும் இயல்புள்ள அம்மோனியாவைச் செலுத்தியபோது கடத்தல் குறைந்தது. அன்றைய உலோக ஆக்சைடு உணரிகள் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் வேலை செய்யும். இதுவோ அறை வெப்பத்திலேயே வேலை செய்தது.

அதன் பிறகு கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. வீட்டுக்கு வீடு நானோகுழாய் வாயு உணரி இருக்க வேண்டுமே, ஏன் இல்லை? எல்லா அணுவும் மேற்பரப்பில் இருப்பது வரமும் இடரும் சேர்ந்தது. குழாய் நைட்ரஜன் டையாக்சைடை உணரும், அதே நேரம் ஆக்சிஜனையும் ஈரப்பதத்தையும் வேறு பல ஆவிகளையும் உணரும். எதை உணர்ந்தது என்று மட்டும் சொல்லாது. ஒட்டிய மூலக்கூறு விலகுவதற்குச் சில வேளை பல மணி நேரம் ஆகும். உணர்திறனை விளம்பரப்படுத்தும் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது நாம் தேட வேண்டியது இந்தத் தேர்ந்தறியும் திறனைத்தான். ஆய்வகத்தின் உலர்ந்த தூய வாயுவில் கிடைத்த எண், புழுக்கமான ஓர் ஊரின் தெருவில் கிடைக்காது.

இதற்கு ஒரு வழி ஒளியிலிருந்து வந்தது. 2002இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்மாலியும் புரூஸ் வைஸ்மனும் குழாய்களைச் சோப்பு போன்ற மூலக்கூறுகளால் தனித்தனியாகப் பிரித்தபோது, குறைக்கடத்திக் குழாய்கள் அகச்சிவப்பில் ஒளிர்வதைக் கண்டார்கள். ஒவ்வொரு சாய்வுக்கும் தனி நிறம். சாதாரணச் சாயங்களைப் போல இந்த ஒளிர்வு வெளுத்துப் போவதில்லை. அதோடு அந்த அலைநீளங்களில் நம் தசையும் இரத்தமும் ஓரளவு ஒளியை ஊடுருவ விடும். எம்ஐடியில் மைக்கேல் ஸ்ட்ரானோ, குழாயைச் சுற்றி டிஎன்ஏ, பெப்டைடு, பாலிமர் என்று வெவ்வேறு உறைகளைப் போர்த்தினார். எந்த மூலக்கூறு குழாயை நெருங்கலாம் என்பதை உறையின் மடிப்பு தீர்மானிக்கிறது.

ஸ்ட்ரானோ குழுவினர் இரண்டு சோதனைகளில் இலையையே களமாக்கினார்கள். 2014இல் ஹுவான் பாப்லோ ஹிரால்டோவும் ஸ்ட்ரானோவும் நானோகுழாய்களை உயிருள்ள அராபிடாப்சிஸ் செடியின் பசுங்கணிகங்களுக்குள் செலுத்தினார்கள். ஒளிச்சேர்க்கையின் எலக்ட்ரான் ஓட்டம் 30 சதவீதம் அளவுக்கு உயர்ந்தது. அந்த உயர்வு சர்க்கரை உற்பத்தியாக மாறுமா என்பதை அந்தச் சோதனை சொல்லவில்லை, ஆகவே விளைச்சல் கூடும் என்று யாரும் துள்ள வேண்டாம். அடுத்தது, இலைகளில் குழாய்கள் செலுத்தப்பட்ட பசலைக் கீரை. வெடிபொருட்களில் காணும் வகையைச் சேர்ந்த பிக்ரிக் அமிலம் நிலத்தடி நீரில் இருந்தால் வேர் அதை உறிஞ்சி, சுமார் 10 நிமிடத்தில் இலைக்கு அனுப்பும். இலையில் இருக்கும் ஒரு வகைக் குழாயின் ஒளிர்வு மங்கும். மாறாமல் ஒளிரும் இன்னொரு வகைக் குழாயோடு ஒப்பிட்டு, அகச்சிவப்புக் கேமராவும் சிறு கணினியும் மின்னஞ்சல் அனுப்பின. நீரை உறிஞ்சும் பம்பு, செறிவூட்டும் கருவி இரண்டின் வேலையையும் செடியே பார்த்துக்கொண்டது. இவ்வளவு அழகான சோதனை வடிவமைப்புகள் அடிக்கடி அமைவதில்லை.

ஒளிரும் நுண் துகள்களான கார்பன் புள்ளிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2004இல் தென் கரோலினாவில் நானோகுழாய்களைச் சுத்திகரித்தபோது தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்டவை இவை. காட்மியம் போன்ற நச்சு உலோகம் வேண்டாம், ஆரஞ்சுச் சாற்றைச் சூடாக்கினால்கூடக் கிடைக்கும். அதனால் வசதி குறைந்த கல்லூரி ஆய்வகங்களும் இதில் இறங்க முடிந்தது, அது மகிழ்ச்சிக்குரியது. நீரில் இரும்பு அயனி இருந்தால் ஒளிர்வு மங்குகிறது, ஆகவே இது உணரி என்று ஏராளமான கட்டுரைகள் வருகின்றன. இரும்பு அயனியே புற ஊதாக் கதிரை விழுங்கி, புள்ளிக்குப் போகவேண்டிய ஒளியைத் தடுத்துவிடும். மங்கலுக்குக் காரணம் அதுவா, உண்மையான எலக்ட்ரான் மாற்றமா என்று பிரித்துப் பார்க்காத முடிவை நம்ப முடியாது. சிட்ரிக் அமிலத்திலிருந்து செய்த, மிக வலுவாக ஒளிர்ந்த சில புள்ளிகளில் அந்த ஒளியின் பெரும்பங்கு கார்பன் கருவிலிருந்து வரவில்லை, கூடவே உருவான சிறு மூலக்கூறுகளிலிருந்து வந்தது என்பதும் பின்னர் தெரியவந்தது.

உடலுக்குள் கொண்டுபோகும் பேச்சு வரும்போது பாதுகாப்பைத் தவிர்க்க முடியாது. நீண்ட, விறைப்பான பலசுவர் குழாய்கள் எலிகளின் வயிற்றறையில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற அழற்சியை உண்டாக்கியதை 2008இல் எடின்பரோ ஆய்வு காட்டியது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் அவற்றில் ஒரு குறிப்பிட்ட வகையைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் சேர்த்தது, மற்ற வகைகளுக்குப் போதிய சான்று இல்லை என்றது. நீளம், விறைப்பு, மேலுறை மூன்றையும் குறிப்பிடாமல் நானோகுழாய் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வதில் பொருளில்லை.

அந்தக் கவலையை ஓரளவு தவிர்க்கும் பாதை, உணரியை உடலுக்குள் அனுப்பாமல் இரத்தத்தை உணரியிடம் கொண்டுவருவது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் டேனியல் ஹெல்லர் குழுவும் மேரிலாந்தின் யூஹுவாங் வாங்கும் மற்றவர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, தேர்ந்தறியும் திறன் இல்லாத குறையையே கருவியாக்கியது. குழாயின் சுவரில் வேண்டுமென்றே சில வேதிப் பழுதுகளை வைத்து, டிஎன்ஏ போர்த்தி, பலவகை உணரிகளின் வரிசையை அமைத்தார்கள். சில நூறு பேரின் இரத்தச் சீரத்தில் அவற்றை நனைத்தார்கள். எந்த உணரியும் எந்த ஒரு புரதத்தையும் தனித்து அடையாளம் காணவில்லை. ஒவ்வொன்றின் நிறமும் பிரகாசமும் எவ்வளவு நகர்ந்தன என்ற கோலத்தைக் கணினி கற்றுக்கொண்டது. சினைப்பைப் புற்றுநோயை 98 சதவீதத் தனித்தன்மையில் 87 சதவீதம் கண்டறிந்தது. அப்போது நடைமுறையில் இருந்த சிறந்த சோதனை அதே அளவுகோலில் 84 சதவீதம்.

மூன்று சதவீதப் புள்ளி முன்னேற்றம் சிறிது என்று தோன்றலாம். இது அறிகுறி காட்டாமல் முற்றிவிடும் நோய், எனவே அந்தச் சிறிதுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் 98 சதவீதத் தனித்தன்மை என்றால், நோயில்லாத ஒரு லட்சம் பெண்களைச் சோதிக்கும்போது 2,000 பேருக்கு நோய் இருப்பதாகத் தவறாகச் சொல்லும். அந்த 2,000 பேரும் ஸ்கேனுக்கும், சிலர் அறுவைச் சிகிச்சைக்கும் போக நேரும். ஆகவே இனிச் செய்ய வேண்டியது உணர்திறனை மேலும் கூட்டுவது மட்டுமல்ல. நோய் தெரியவருவதற்கு முன்பே எடுத்துச் சேமித்த சீரங்களில் இதைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதிக் குழாயிலும் ஒரே சாய்வும் ஒரே எண்ணிக்கைப் பழுதுகளும் இருக்கும்படி தயாரிக்க வேண்டும். ஓர் ஆய்வகத்தில் கணினி கற்ற கோலம், வேறோர் ஊரின் மருத்துவமனையில் வேறு கைகள் கலக்கிய கரைசலிலும் அப்படியே தெரிய வேண்டும்.